கெட்டி ஆயில் என்ற மாயை

பழைய லாரியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆயிலின் கனமும் அல்ல, விலையும் அல்ல. டப்பாவின் மேல் யாரும் படிக்காத இரண்டு வரிகள்.

தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரானாலும் சரி, மும்பைக்கு வெளியே களம்போலி இரும்புச் சந்தையானாலும் சரி, லாரிகள் கூடும் இடத்தில் ஆயில் கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். டிரைவர் 'மொபில்' கேட்கிறார். வடக்கே எந்தக் கம்பெனியின் இன்ஜின் ஆயிலுக்கும் அதுதான் பெயர். வண்டி ஆயில் குடிக்கிறதா என்று கடைக்காரர் விசாரிக்கிறார். ஆமாம் என்றால் பதில் தயார்: இன்னும் கெட்டியான ஒன்று. விரலில் ஒரு சொட்டு விட்டு, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, கனம் போதும் என்று திருப்தியடைவதுடன் தேர்வு முடிந்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் ஒரு கோளாறு. விரல் ஆயிலைத் தொடுவது 30 டிகிரி வெப்பத்தில். அந்த ஆயில் வேலை செய்யப்போவதோ 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில். விரலுக்குக் கெட்டியாகத் தெரியும் ஆயில் அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதை விரல் சொல்லாது.

தவறான தேர்வின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் சிறிய ஆள். இந்தியாவின் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்துக்கு மேல் வண்டி இல்லாத உரிமையாளர்களிடம் இருக்கிறது. புதிய லாரி சில ஆண்டுகள் பெரிய கம்பெனிகளின் நெடுந்தூரச் சரக்கை இழுக்கிறது. பிறகு கைமாறிச் சிறு நகரங்களுக்குப் போய் செங்கல், மணல், தானிய மூட்டை என்று தேய்கிறது. 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது இந்த ஓட்டத்தை வேகப்படுத்தியது. கடைசியில் வண்டியை வாங்குபவருக்கு அதுவே முதலீடு, அதுவே பிழைப்பு. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று இன்ஜின் வேலை வந்துவிட்டால் செலவு ஒரு பக்கம், வண்டி வாரக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நிற்பதால் போகும் வாடகை இன்னொரு பக்கம். தவணை மட்டும் நிற்பதில்லை.

எண்கள் சொல்வது

டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 போன்ற எஸ்ஏஇ எண். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜினைச் சுழல விடுகிறதா என்று சோதிக்கப்படுகின்றன. கடைசி எண் 100 டிகிரியில் உள்ள கனம். 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள். 50 என்றால் அங்கிருந்து 21.9-க்குள்.

ஆக, 15டபிள்யூ-40 ஆயிலும் 20டபிள்யூ-40 ஆயிலும் இன்ஜின் சூடானபின் ஒரே வகுப்பு. கடைகளில் 15 'தண்ணி', 20 'கெட்டி' என்று பிரித்துப் பேசுவது இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். அந்த நேரம்தான் முக்கியமும்கூட. ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் சம்ப்பில் இறங்கிக் கிடக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ராக்கர் வரை ஏறிச் சேரும்வரை உலோகமும் உலோகமும் உரசுகின்றன. ஆயில் இளகியிருந்தால் சீக்கிரம் போய்ச் சேரும்.

சோஜி லா கணவாய் வழியாகக் கார்கில், லே பக்கம் போகும் லாரிக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. குளிர்காலத்தில் திராஸில் வெப்பநிலை மைனஸ் 20-க்குக் கீழே இறங்குவது உண்டு. 1980களில் பரவலாக இருந்த 40 என்ற ஒற்றை எண் ஆயிலை அங்கே ஊற்றினால் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் திணறும். ராஜஸ்தானின் 45 டிகிரி வெயிலுக்கு 50 வேண்டும் என்ற வாதத்தில் இவ்வளவு பலம் இல்லை. இன்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அவை நன்றாக இருந்தால், வெளியே ஏறும் பத்து டிகிரி ஆயிலுக்கு அப்படியே ஏறிவிடுவதில்லை.

தேய்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால் ஆயில் பிரஷர் மீட்டர் முள் மேலே ஏறும். டிரைவர் நிம்மதியடைவார். ஆனால் முள் காட்டுவது ஆயில் சந்திக்கும் தடையை. எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்பதை அது காட்டாது. ரிங் தேய்ந்து, மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லும் நிலை வந்துவிட்டால், 50 ஆயில் புகையைச் சில மாதம் குறைக்கலாம். தேய்மானத்தைத் திருப்பாது. வண்டி விற்கும்போது சிலர் கியர் ஆயிலைக் கலந்து சத்தத்தை அமுக்கும் தந்திரமும் இதே வகை. கியர் ஆயிலின் 90 வேறு அளவுகோலில் உள்ள எண். கனத்தில் அது இன்ஜின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் அருகில்தான் நிற்கிறது. அதில் சேர்க்கும் ரசாயனங்களோ இன்ஜினுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கம்பெனிக் கையேடு 20டபிள்யூ-50 ஆயிலை அனுமதித்தால் ஊற்றலாம். அனுமதிக்காத வண்டியில் அது மருந்து அல்ல, முகப்பூச்சு.

எழுத்துகளின் வரலாறு

இரண்டாவது வரி ஏபிஐ தரம். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்தது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு, சி என்று தொடங்கினால் டீசல் வண்டிக்கு. சி-க்கு அடுத்த எழுத்து அகர வரிசையில் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு புதிய தரம். சிடி 1955-ல் வந்தது. சிஎஃப்-4 1990-லும், சிஎச்-4 1998-லும், சிஐ-4 2002-லும், சிஜே-4 2006-லும் வந்தன. சிகே-4 2016 டிசம்பரிலிருந்து விற்பனைக்கு வந்தது.

புதிய தரம் பழைய இன்ஜினைக் கெடுக்கும் என்பது லாரி உலகின் நெடுநாள் பயம். டீசல் ஆயிலைப் பொறுத்தவரை இதற்கு ஆதாரம் குறைவு. சிகே-4 தரம் சிஜே-4, சிஐ-4, சிஎச்-4 ஆகியவற்றுக்குப் பதிலாக ஊற்றத் தக்கது என்று ஏபிஐ சொல்கிறது. சிஎஃப்-4 உள்ளிட்ட பழைய தரங்களை அது காலாவதியானவை என்று ஒதுக்கிவிட்டது. விலக்கு ஒன்று உண்டு: சிகே-4 கூடவே பிறந்த எஃப்ஏ-4. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்ட இந்த 30 வகை ஆயில், புதிய இன்ஜின்கள் சிலவற்றுக்கு மட்டுமே. பழைய லாரியில் அதற்கு இடமில்லை.

பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு டீசலின் கதையைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் 1 சதவீதம் வரை, அதாவது பத்து லட்சம் பங்குக்கு 10,000 பங்கு, கந்தகம் இருக்கலாம். கந்தகம் எரிந்து, ஈரத்துடன் சேர்ந்து கந்தக அமிலமாகி, லைனரையும் ரிங்கையும் அரிக்கும். இதை எதிர்க்க ஆயிலில் காரப் பொருள்களைச் சேர்ப்பார்கள். அதன் அளவுதான் டிபிஎன். அமிலத்துடன் போராடி அது தீர்ந்துவிட்டால் ஆயில் வெறும் வழவழப்பு நீர்தான். அந்த நாளில் அடிக்கடி ஆயில் மாற்றிய மெக்கானிக்குகள் காரணம் அறியாவிட்டாலும் சரியாகவே செய்தார்கள்.

பிறகு டீசல் மாறியது. நாடு முழுவதற்குமான உச்சவரம்பு 2000-ல் 2,500 ஆகவும், 2005-ல் 500 ஆகவும், 2010-ல் 350 ஆகவும் குறைந்தது. 2017-ல் 50 ஆனது. 2020 ஏப்ரல் முதல் வெறும் 10. முப்பது ஆண்டுகளுக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1995-ல் வாங்கிய 'மூக்கு' டாடா இன்று ஓடினால், அது பிறந்தபோது குடித்த டீசலை எந்த பங்க்கிலும் பார்க்க முடியாது. அந்தக் காலத்து ஆயில்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்ற வாதத்தின் அடித்தளமே போய்விட்டது.

எதிர்த்திசையில்தான் ஆபத்து இருக்கிறது. 2020-க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளின் சைலன்ஸர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதை அடைத்துவிடும். சிஜே-4, சிகே-4 தரங்களில் சாம்பலுக்கு 1 சதவீதம் என்று வரம்பு வைத்தது அதனால்தான். பழைய வண்டி ஒன்று, புதிய வண்டி ஒன்று என வைத்திருப்பவர் ஒரே பேரலிலிருந்து இரண்டுக்கும் ஊற்ற விரும்பினால், புதிய வண்டியின் கையேடு கேட்கும் 15டபிள்யூ-40 ஆயிலைப் பழையதற்கும் ஊற்றலாம். மாற்றிச் செய்தால் வடிகட்டியின் விலை கையைக் கடிக்கும். பழைய வண்டி மட்டும் வைத்திருப்பவருக்கு சிகே-4 வரை போக அவசியமில்லை. சிஐ-4 பிளஸ் தாராளமாகப் போதும்.

கறுப்பும் புகையும்

மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டது, எனவே மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது அது வேலை செய்வதன் அடையாளம். கரியைத் திரளவிடாமல் தன்னுள் தாங்கி, வடியும்போது வெளியே கொண்டுவருவதும் ஆயிலின் கடமை. பயப்பட வேண்டிய நிறம் வேறு. டிப் ஸ்டிக்கில் பால் கலந்த டீ போலத் தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. ஊற்றாமலே அளவு ஏறினால் தண்ணீர் அல்லது டீசல் இறங்குகிறது. எந்த உயர்ந்த ஆயிலும் இவற்றைச் சரிசெய்யாது. புகையும் அப்படியே. நீலம் ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்பு, காற்று போதாததையோ டீசல் மிகுந்ததையோ காட்டும். கறுப்புப் புகைக்கு ஆயில் மாற்றுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது போல.

ஏர் ஃபில்டர் ஓட்டை, இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் பழக்கம், அளவுக்கு மீறிய பாரம், புழுதிச் சாலை - இவை ஆயிலின் ஆயுளைக் குறைக்கின்றன. செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் ஓடும் லாரி, நெடுஞ்சாலை லாரிக்குச் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. டர்போ உள்ள வண்டியில் கவனம் இன்னும் அதிகம் தேவை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். மேடேறி வந்ததும் சட்டென்று இன்ஜினை நிறுத்தினால் ஆயில் வரத்து நின்றுவிடும், தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது எந்த ஆயிலுக்கும் குறையாத பாதுகாப்பு.

டப்பாவுக்குள் என்ன?

சரியான எண்ணும் எழுத்தும் அச்சிட்ட டப்பாவுக்குள் வேறு சரக்கு இருந்தால் இத்தனை கவனமும் வீண். காயலான் கடைக்குப் போகும் காலி டப்பாவில் வடிகட்டிய பழைய ஆயிலை நிரப்பி விற்பது பழகிப்போன மோசடி. காலி டப்பாவைத் துளையிட்டு எறிவது உரிமையாளரின் கையில் உள்ள எளிய தற்காப்பு. இன்னொரு கோணமும் உண்டு. சில ஆயில் கம்பெனிகள் மெக்கானிக்குகளுக்காக டப்பா மூடியில் பரிசுக் கூப்பன் வைக்கின்றன. மெக்கானிக் சொல்லும் பெயர் நல்ல ஆயிலாகவே இருக்கலாம். ஆனால் பெயரை அவர் சொல்லட்டும், எண்ணையும் எழுத்தையும் கையேடு சொல்லட்டும் என்று வைத்துக்கொள்வது உரிமையாளருக்கு நல்லது.

ஆயில் மாற்றும் முன்

கையேட்டில் உள்ள எஸ்ஏஇ எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஐ தரம் அதில் உள்ளதோ அதற்குப் பிந்தியதோ இருக்கலாம், முந்தியது கூடாது.

பல ஆண்டுகள் மட்டமான ஆயிலில் ஓடிய வண்டிக்கு முதன்முறை நல்ல ஆயில் ஊற்றினால், அது உள்ளே படிந்த கசடைக் கரைத்து ஃபில்டரை அடைக்கலாம். முதல் மாற்றத்தைச் சீக்கிரமே செய்து, ஃபில்டரையும் மாற்றுங்கள்.

ஆயிலை இன்ஜின் சூடாக இருக்கும்போது வடியுங்கள். கரி ஆயிலோடு இறங்கும்.

வழியில் அளவு குறைந்தால் வேறு கம்பெனியின் டீசல் ஆயிலை ஊற்றுவதில் தவறில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டுவதில்தான் தவறு.

ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த அளவு மாதத்துக்கு மாதம் ஏறினால், பணத்தைக் கெட்டி ஆயிலில் போடாமல் ரிங்குக்குச் சேர்த்து வையுங்கள்.