மாய அங்கி காப்பாற்றுமா?

அணிந்தால் ஆள் எளிதில் கண்ணில் படாத மாய அங்கி கிடைத்தால் என்ன செய்வீர்கள், குட்டீஸ்?

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டில் அப்படி ஓர் அங்கி உண்டு! அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய இந்த விளையாட்டு, 1974ல் வெளியானது. நண்பர்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, கதை சொல்லியே விளையாடுவர். நினைத்தது நடக்குமா, நடக்காதா என்பதை 20 முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

தேவதை வம்சத்தில் வந்த 'எல்ஃப்' இனத்தாரின் அங்கி இது. இதைப் போலவே அவர்களின் மாயக் காலணியும் உண்டு. அதை மாட்டிக்கொண்டு நடந்தால், காலடிச் சத்தமே கேட்காது!

அங்கிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 2014ல் வந்த விதிப்படி, அதோடு இணைந்த குல்லாவைத் தலையில் போட்டால்தான் மாயம் வேலை செய்யும்.

பூதத்திடம் சிக்காமல் ஒளிய, பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒருமுறை உருட்டினால் வாய்ப்பு 100க்கு 30தான். அங்கி அணிந்தவரோ இருமுறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு 51 ஆகிவிடும்!

மீதி 49? பூதத்திடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்! அங்கி வெற்றியைத் தருவதில்லை. இன்னொரு வாய்ப்பைத்தான் தருகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை பகடை உருளும்போதும் நெஞ்சு படபடக்கிறது.

வீட்டில் இருக்கும் 6 முகப் பகடையில், 5 அல்லது 6 விழ இந்த மாயம் எவ்வளவு உதவும்? உருட்டிப் பாருங்களேன்!