பேசாம இருங்க, தாத்தா!

தாத்தாவுக்கு பிரஷர் பார்க்கக் கூடப் போயிருக்கிறீர்களா? கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை 'புஸ் புஸ்' என்று அமுக்குவார்கள். தாத்தாவோ ஊர்க்கதையை நிறுத்தமாட்டார். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க, தாத்தா" என்பார் நர்ஸ். கதை பிடிக்காமல் இல்லை. பேசினாலே பிரஷர் ஏறும்!

பட்டை இறுகியதும் கையின் ரத்தக்குழாய் நசுங்கி, ரத்த ஓட்டம் சற்று நேரம் நின்றுவிடும். பிறகு காற்றை மெல்ல விடுவார்கள். குழாய் லேசாகத் திறந்ததும் ரத்தம் பீறிட்டு நுழையும். ஸ்டெதாஸ்கோப்பில் 'டொக்... டொக்...' கேட்கும். அப்போது பட்டையில் உள்ள அழுத்தம்தான் மேல் எண். குழாய் முழுக்கத் திறந்ததும் சத்தம் அடங்கிவிடும். அப்போதைய அழுத்தம் கீழ் எண். இந்த டொக் டொக்கை 1905-இல் உலகுக்குச் சொன்னவர் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர்.

மேல் எண் 120 என்றால்? அந்த அழுத்தம் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். தண்ணீராக இருந்தால் 163 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். ஏறக்குறைய உங்கள் அம்மா உயரம்! ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் ரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதாக 1733-இல் எழுதினார். பாவம், அந்தக் குதிரை!

எண்ணைப் பார்த்ததும் மருத்துவர் மாத்திரை எழுதிவிடுவாரா? மாட்டார்; பிரஷர் பார்ப்பதற்கென்றே விதிமுறைகள் உண்டு. முதலில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவேண்டும். கால்மேல் கால் கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் இருக்கவேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் மேல்மாடிக் குழாயைவிடக் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாக வருமே, அதேபோல் கையைத் தொங்கவிட்டால் எண் கூடிவிடும்.

சிலருக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பிரஷர் எகிறும். அதனால்தான் வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க மருத்துவர்கள் இன்னும் கறார்; 2017 முதல் அவர்களுக்கு 130/80-தான் எல்லை.

அப்புறம், பிரஷரை ஏற்றும் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளத்தில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று டாக்டர் சொல்லும்போது தாத்தாவைக் கவனியுங்கள். ஊர்க்கதை சட்டென்று நின்றிருக்கும்.