கண்மாய்ப் பாசனமும் அண்டை நாடுகளின் இஞ்சினீயர் கல்வியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களின் கரிசல் பூமியில் பருத்தி, மிளகாய், கம்பு முதலியவை மழையை நம்பியும், நெல் கண்மாயை நம்பியும் பயிராகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை தவறினால் இவ்விரண்டிற்கும் நஷ்டமே. கடலுக்கு அப்பால் இலங்கையின் வறண்ட பிரதேசத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கும் ஐப்பசி முதற்கொண்டு பெய்யும் மழையே ஆதாரம்; அங்கும் ஒரு குளத்தின் உபரிநீர் அடுத்த குளத்தைச் சேரும்படி முன்னோர் வரிசையாகக் குளங்களை அமைத்துள்ளனர்.

இத்தகைய வரிசையில் மேல்கண்மாயின் கலுங்கை உயர்த்தினால் கீழ்கண்மாய்க்கு நீர் வருவது தாமதப்படும்; மேல்கரை உடைந்தாலோ கீழ்கரைக்கும் அபாயம். ஆகையால் ஒரு கண்மாயை மட்டும் அளந்து மதிப்பீடு தயாரிப்பது போதாது. வரிசை முழுவதையும் கணக்கிடும் வித்தை உயர்தர இஞ்சினீயர் படிப்பைச் சார்ந்தது.

ஒரேவிதமான மழையும் வெள்ளமும் வறட்சியும் உடைய நாடுகள் இவ்வித்தையைச் சேர்ந்து பயில்வது நலமெனக் கருதிப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கங்கைக் கால்வாய் வேலையை ஒட்டி 1847-இல் ரூர்க்கியில் தோன்றிய கலாசாலை பின்னர் சர்வகலாசாலையாயிற்று. அதில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் இஞ்சினீயர்களுக்காக 1955-இல் நீர்வள அபிவிருத்திப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. பாங்காக் நகரில் 1959-இல் தொடங்கிய பட்டமேற்படிப்புப் பள்ளி, 1967-இல் ஆசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. இந்நூற்றாண்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், பேராதனை, டாக்கா, நேபாளம் ஆகிய இடங்களிலுள்ள ஸ்தாபனங்களுடன் கூடி நீர்வள நிர்வாகத்தில் மேற்படிப்புத் திட்டமொன்றில் ஈடுபட்டது. அதில் பெண்களுக்கும் உபகாரச் சம்பளம் அளிக்கப்பட்டது.

எனினும், புத்தகத்தில் இல்லாத விவரங்கள் கிராமத்தில் உள்ளன. கண்மாய் எந்த வருஷம் நிரம்பியது, கலுங்கு எத்தனை நாள் பாய்ந்தது, எந்த மடை ஒழுகுகிறது, வரத்துக்கால் எவ்விடத்தில் சீமைக்கருவேலால் அடைபட்டது என்பவை பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தால் அவர்களோடு மறைந்துபோகும். இவற்றைக் கண்மாய்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருவது அவசியம். கிராம நிர்வாக அலுவலர்கள் இதற்கு உதவி புரியலாம்.

மேற்படிப்பு மாணவர்கள் அளவெடுக்க வரும்பொழுது, மேல்கண்மாய், கீழ்கண்மாய் ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுசேர்ந்து அவர்களுக்கு இடங்களைக் காட்டவேண்டும். ஒரு தரப்பார் சொல்லை மட்டும் கேட்டுச் செய்த கணக்கினால் மற்றத் தரப்பாருக்கு நீர் குறையக்கூடும்.

இஞ்சினீயர் பட்டம் பெற்ற புதல்வரோ புதல்வியோ உள்ள குடும்பத்தார், நீர்ப்பாசனத் துறை மேற்படிப்பையும் யோசிப்பது நன்று. ரூர்க்கி போன்ற நிலையங்களில் இடம்பெற 'கேட்' பரீட்சையில் தேர்ச்சி வேண்டும். கண்மாய்க்கரையில் வளர்ந்தவர் கற்கும் கல்வி அக்கரைக்கே திரும்பிவரின் ஊருக்குப் பெரும் பிரயோஜனம் உண்டு.