கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை

"பிள்ளைக்கு ஏலூர்ப் பக்கம் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கதிர் பட்டுவிடுமே, அனுப்பலாமா?" என்று நம் சங்கத் தாய்மார்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ஆய்வகக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏலூர் உத்யோகமண்டலில் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலை 1952-ல் தொடங்கியது. சவறாவிலிருந்தும் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்தும் மோனசைட் மணல் அங்கு வந்து சேர்ந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அதன் ஆல்பா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும். ஆனால் தூசியாக மூச்சில் போனால் நுரையீரலில் தங்கித் தீங்கு செய்யும். தோரியம் சிதைந்து உண்டாகும் பொருள்களோ காமா கதிரை வீசும். அதைக் குறைக்கக் கனத்த கான்கிரீட்டோ ஈயமோ வேண்டும்.

வெளியிலிருந்து படும் கதிருக்குத் தூரம் நல்ல மருந்து. சிறிய மூலப்பொருளிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் கதிர் கால் பங்காகும். அதனால் சேமிப்பறையைக் கட்டடத்தின் கோடியில் வைப்போம். இடம் மிச்சம் என்று குமாஸ்தாவின் மேசையை அந்தச் சுவரை ஒட்டிப் போடச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்!

தூசிக்கு மருந்து காற்றோட்டம். நம்மவர்கள் துணி வெளுக்கும் போர்ட் கொச்சி தோபிகானாவில் அழுக்கு மூட்டையை இஸ்திரி மேசையில் வைப்பார்களா? இங்கும் அப்படித்தான். சுத்தமான அறை, உடை மாற்றும் அறை, வேலை அறை என்று வரிசையாக அமைத்து, உள்ளே போகப் போகக் காற்றழுத்தத்தைக் குறைப்போம். காற்று சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம்தான் போகும். பிறகு வடிகட்டி வழியாக வெளியேறும். தரையில் இணைப்பு இராது, மூலைகள் வளைவாக இருக்கும், குழாயை முழங்கையால் திறக்கலாம். மின்சாரம் மிச்சம் என்று மின்விசிறியை நிறுத்தினால் இத்தனையும் வீண்.

இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. இயற்கையிலேயே உலகச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 நம் மீது படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலைக்குச் சேரும் பிள்ளை மூன்று கேள்விகள் கேட்கட்டும். மார்பில் அணியும் அளவீட்டு பேட்ஜ் தருவார்களா? அதன் அளவை எனக்குக் காட்டுவார்களா? சாப்பிடும் இடம் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறதா? பேட்ஜை அலமாரியில் விட்டுவிட்டு உள்ளே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலமாரி வாங்கிய கதிர்தான் பதிவேட்டில் ஏறும்.