விதையிலிருந்து ஒரு சிறகு
எட்ரிச் டௌபே, ஆஸ்திரியா, 1910

முதலில் இறக்கையின் நுனியைப் பாருங்கள். பின்பக்கமாக வளைந்து, மெலிந்து, லேசாக மேல்நோக்கி எழுகிறது. ஜாவாக் காடுகளில் படரும் சனோனியா என்ற கொடியின் விதைக்கும் இதே வடிவம்தான். சுரைக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் கொடியின் விதையைச் சுற்றி, உள்ளங்கையைவிட அகலமான கண்ணாடி போன்ற சவ்வு இருக்கும். உயரத்திலிருந்து உதிர்ந்தால் தலைகுப்புற விழாது. வட்டமடித்து மிதந்து இறங்கும்.

பொஹீமியாவின் டிராட்டனவ் ஊரில் நெசவாலை நடத்திய இக்னாஸ் எட்ரிச்சுக்குப் பறத்தலில் தீராத ஆசை. கிளைடரில் பறந்த ஜெர்மானியர் லிலியென்தால் 1896இல் விழுந்து இறந்தபின் அவருடைய கிளைடர்களை வாங்கி வந்தார். மகன் இகோ அப்போது பதின்வயதில் இருந்தார். இருவரும் அவற்றைவிடப் பத்திரமான இறக்கையைத் தேடினார்கள். ஹாம்பர்க் பேராசிரியர் ஆல்போர்ன் இந்த விதையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் வழி பிறந்தது. மூங்கிலும் துணியும் கொண்டு வாலில்லாத கிளைடர் ஒன்றைக் கட்டினார்கள். 1906இல் அவர்களுடைய உதவியாளர் ஃப்ரான்ஸ் வெல்ஸ் அதில் பறந்தார்.

தானாக நிலைத்து மிதப்பதில் விதைக்கு இணையில்லை. ஆனால் நினைத்த பக்கம் திருப்ப முடியாது. அதனால் எஞ்சின் பொருத்திய விமானத்தில் இகோ வாலைச் சேர்த்தார். கம்பிகளை இழுத்தால் இறக்கை நுனிகள் முறுக்கிக்கொள்ளும், விமானம் சாயும். அந்தக் கம்பிகளை இப்போதும் பார்க்கலாம். 1910இல் கார்ல் இல்னர் இந்த வகை விமானத்தில் வீனர் நொய்ஷ்டாட்டிலிருந்து வியன்னாவுக்குப் பறந்தார். அடுத்த ஆண்டே லிபியாவில் ஓர் இத்தாலிய விமானி டௌபேயிலிருந்து கையால் குண்டுகளை வீசினார். தகப்பனும் மகனும் தேடியது, விழாமல் பறக்க ஒரு வழியை மட்டுமே.