புண்ணாக்கைக் கூட்டியும் எஸ்.என்.எஃப் ஏறவில்லையா? காரணம் மடிக்குள் இருக்கிறது

கறவை மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கை அரைக் கிலோ கூட்டி வைத்தும் சொசைட்டியில் எஸ்.என்.எஃப் 8-ஐத் தாண்டவில்லை என்று பயிற்சிக்கு வரும் பால் உற்பத்தியாளர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. பசும்பாலில் கொழுப்பு அல்லாத திடச்சத்து 8.3 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் விலையும் குறைகிறது. புண்ணாக்குக்குச் செலவழித்த பணமும் வீணாகிறது.

இந்தத் திடச்சத்தில் பாதிக்கு மேல் பால் சர்க்கரை. அது தீவனத்தை மாற்றினாலும் அதிகம் மாறாது. மாறுவது புரதம். அந்தப் புரதத்தை மடியில் உள்ள செல்கள், ரத்தத்தில் வரும் அமினோ அமிலங்களைக் கோத்துத்தான் செய்கின்றன. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டியிருக்கிறது.

ரத்தத்தில் அமினோ அமிலம் இருந்தால் மட்டும் போதாது. செல்லின் சுவரில் அதற்கென்றே வாசல்கள் இருக்கின்றன. 'கடத்திகள்' என்று சொல்வோம். ஒவ்வொரு வகை அமினோ அமிலத்துக்கும் தனித்தனி வாசல். சில வாசல்கள் பண்டமாற்று முறையில் வேலை செய்யும். காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறை சிலிண்டர் தருவார்கள் அல்லவா? அதுபோல, செல் தன்னிடம் உபரியாக உள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை வெளியே விட்டு, லியூசினை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

இந்த வாசல்களை எவ்வளவு திறப்பது என்பதைச் செல்லே முடிவு செய்கிறது. உள்ளே 'எம்டார்' என்ற புரதம் ஒன்று மேஸ்திரி போல இருக்கிறது. அது மூன்று விஷயங்களைப் பார்க்கும்: அமினோ அமிலம் வந்திருக்கிறதா, செல்லில் எரிசக்தி இருக்கிறதா, இன்சுலின் வந்து சொல்கிறதா. மூன்றும் சரியாக இருந்தால் வாசல்கள் கூடும், புரத உற்பத்தியும் வேகமெடுக்கும். எரிசக்தி குறைந்தால் மேஸ்திரி வேலையை நிறுத்திவிடுவார். வாசலில் சரக்கு காத்துக் கிடந்தாலும் உள்ளே போகாது.

புண்ணாக்கு மட்டும் கூடியபோது உங்கள் மாட்டில் நடப்பது இதுதான். போதாக்குறைக்கு, கடலைப் புண்ணாக்கின் புரதம் முதல் இரைப்பையிலேயே வேகமாக உடைந்து அம்மோனியாவாகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைத் தங்கள் உடம்புப் புரதமாக மாற்ற மாவுச்சத்து வேண்டும். அது இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் போய்விடும். அந்த நுண்ணுயிரிப் புரதம்தான் மாட்டுக்குக் கிடைப்பதிலேயே சமச்சீரான அமினோ அமிலக் கலவை. இதை விலை கொடுத்து வாங்க முடியாது, வயிற்றுக்குள் வளர்த்துக்கொள்ளத்தான் முடியும்.

ஏதாவது ஒரு அமினோ அமிலம் மட்டும் குறைந்தால் செல் சும்மா இருப்பதில்லை. கறவை ஆடுகளில் ஹிஸ்டிடின் என்ற ஒன்றை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். மடிக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடியது. ஹிஸ்டிடினை உறிஞ்சும் திறனும் பல மடங்கு ஏறியது. அப்படியும் பால் புரதம் குறையத்தான் செய்தது. மாட்டுத் தீவனத்தில் பொதுவாகக் குறைபவை லைசினும் மெத்தியோனினும். சோயாவில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் நேர்மாறு. கடலையில் இரண்டுமே குறைவுதான். அதனால் ஒரே புண்ணாக்கை நம்பாமல் இரண்டு மூன்றைக் கலப்பது நல்லது.

வீட்டிலேயே கலப்புத் தீவனம் அரைப்பவர்கள் 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40 கிலோ, கடலை, பருத்தி, எள் கலந்த புண்ணாக்கு 27 கிலோ, தவிடு 30 கிலோ, தாது உப்பு 2 கிலோ, சாப்பாட்டு உப்பு 1 கிலோ என்று சேர்க்கலாம். உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. காலை, மாலை என்று பிரித்து வையுங்கள். மொத்தப் புண்ணாக்கையும் ஊறவைத்து ஒரே வேளையில் கரைத்து ஊற்ற வேண்டாம். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு புளித்து மாடு தீனி எடுக்காமல் நின்றுவிடும். பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பசுந்தீவனமும் வைக்கோலும் குறையக்கூடாது.

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதத்தில் மாடு தின்பதைவிடக் கறப்பது அதிகம். எரிசக்தி அப்போதுதான் பற்றாது, எஸ்.என்.எஃப்பும் அப்போதுதான் இறங்கும். கூடுதல் தானியம் அந்த நாட்களில் வைப்பது பலன் தரும்.

அமினோ அமில டானிக் என்று பாட்டிலில் விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். பாதுகாப்புப் பூச்சு இல்லாத மெத்தியோனினை வாய் வழியே கொடுத்தால் பெரும்பகுதி முதல் இரைப்பையிலேயே சிதைந்துவிடும். எட்டு, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அந்தப் பணத்தில் மக்காச்சோளம் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

தீவனத்தைச் சரிசெய்து மூன்று வாரமாகியும் எஸ்.என்.எஃப் ஏறாவிட்டால் மடிநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லி கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கமோ திரிந்த பாலோ வெளியே தெரியாத மடிநோயிலும் இந்தச் செல்கள் சேதமாகியிருக்கும். அப்போது தீவனத்தைக் கூட்டிப் பயனில்லை.