புத்தாக்கத்துக்குப் பெருஞ்செல்வம்தான் தூண்டுகோலா?

பெருஞ்செல்வர்கள் மீது கூடுதல் வரி விதிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், அதை எதிர்ப்போர் ஒரு வாதத்தைத் தவறாமல் முன்வைக்கின்றனர். கோடிகளைக் குவிக்கும் வாய்ப்பு குறைந்தால், புதியன கண்டறியும் ஊக்கமும் குன்றிவிடும் என்பதே அது. இதில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை இன்சுலினின் வரலாறு ஓரளவு தெளிவாக்கும்.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 1921-இல் பிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் தொடங்கிய ஆய்வே இன்சுலினைத் தந்தது. சிறாரைத் தாக்கும் நீரிழிவு அதுவரை மரணத்திலேயே முடிந்தது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மருத்துவரான பான்டிங், காப்புரிமையில் தன் பெயர் இடம்பெறுவதையே முதலில் விரும்பவில்லை. 1923-இல் அந்த உரிமை, பெயரளவுக்கு ஆளுக்கு ஒரு டாலர் விலையில் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு தனக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையையும் பான்டிங் பெஸ்ட்டுடன் பகிர்ந்துகொண்டார்.

ஆனால், இலாப நோக்கத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் கூறிவிட முடியாது. ஆய்வகத்தால் ஒரு சில நோயாளிகளுக்குத் தேவையான அளவைக்கூட எளிதில் தயாரிக்க இயலவில்லை. தூய்மையான இன்சுலினைப் பேரளவில் உற்பத்தி செய்யும் வழியைக் கண்டு, அதைப் பல்லாயிரவரிடம் சேர்த்ததில் எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கண்டுபிடிப்பு அறிவு வேட்கையால் பிறந்தது. அது பரவியது வணிகத்தால்.

எனினும், நியாயமான இலாபம் வேறு. அளவற்ற செல்வம் வேறு. 1948 முதல் 2001 வரையிலான அமெரிக்கப் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர் வில்லியம் நோர்தாஸ். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இப்பொருளியலாளர், புத்தாக்கங்கள் சமூகத்துக்கு அளித்த பயனில் ஏறத்தாழ 2.2 சதவீதமே அவற்றை உருவாக்கியோருக்குச் சென்றது என மதிப்பிட்டார். செல்வந்தர்கள் தாம் பெறுவதைவிட மிகுதியாகத் தருகின்றனர் என்பதற்கு இக்கணக்கைச் சான்று காட்டுவோர் உண்டு. ஆனால், இவ்வளவு சிறிய பங்கு கிடைத்தபோதும் புத்தாக்கம் நின்றுவிடவில்லை என்பதும் அதே கணக்கு கூறும் உண்மைதான்.

இலாபம் வழிகாட்டத் தவறும் இடங்களும் உண்டு. புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை, அவற்றின் ஆற்றல் மங்காதிருக்க, அரிதாகவே பயன்படுத்த வேண்டும். அதனால் விற்பனை குறைகிறது. 2018-இல் அத்தகைய மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அகேயோஜென் நிறுவனம், மறு ஆண்டே திவாலானது. மருந்து தேவையற்றதாக இருந்ததால் அன்று; அதன் தேவை இலாபமாக மாறாததால்தான்.

ஆகவே, செல்வர்கள் மீதான வரி புத்தாக்கத்தைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவதைவிட, அவ்வரியில் எவ்வளவு பொது ஆய்வகங்களைச் சென்றடைகிறது என்று கேட்பதே பொருத்தமானது. சந்தை கைவிடும் மருந்துகள் அங்கிருந்துதான் வர வேண்டும்.